மூன்ரேக்கர் ஓடாத படமா?

1979-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'மூன்ரேக்கர்' வசூலில் படுத்துவிட்டது, அதனால்தான் அடுத்த படத்தை அடக்கி வாசித்தார்கள் என்று இங்கே ஒரு கருத்து ஓடுகிறது. அடக்கி வாசித்தது சரி. ஆனால் படம் படுக்கவில்லை. சுமார் 3.4 கோடி டாலர் செலவு, உலகளவில் சுமார் 21 கோடி வசூல். 1995-இல் 'கோல்டன்ஐ' வரும்வரை பாண்ட் வரிசையில் அதுதான் முதலிடம்.

வெனிஸில் படகு தரையில் ஏறி ஓட, ஒரு புறா இரண்டாம் முறை திரும்பிப் பார்க்குமே, அது சுத்த அபத்தம்தான் (எனக்குப் பிடிக்கும்). அது ரசனை விஷயம், வசூல் வேறு.

சந்தேகமிருந்தால் 'தி நம்பர்ஸ்' தளத்தில் ஜேம்ஸ் பாண்ட் பக்கத்தைத் திறந்து, 1995-க்கு முந்தைய படங்களின் உலக வசூலை ஒப்பிட்டுப் பாருங்கள். பணவீக்கத்தைச் சேர்த்தால் மட்டும் 'தண்டர்பால்' போன்ற அறுபதுகளின் படங்கள் முந்திவிடும்.