வெட்சியின் நுனியில் கை வைக்காதீர்கள்

நேற்று நான் போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். தெருவைச் சுத்தம் செய்ய வந்த அக்கம்பக்கத்தினர் எங்கள் வாசல் வெட்சியைப் பெட்டி போலச் சதுரமாக வெட்டிவிட்டார்கள். நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் ஊரில், இல்லாத ஒரே ஒரு பகலில். "வளர்ந்துவிடும் அக்கா, இதற்குப் போய் அழுவீர்களா?" என்கிறார்கள். ஆம், அழுதேன்.

வெட்சி கிளை நுனியில்தான் பூக்கும். மேலே தட்டையாகக் கத்தரித்தால் இலையோடு வரவிருந்த மொட்டும் போய்விடும். பூத்து முடிந்த கொத்துக்குக் கீழே, கிளை கிளையாகப் பார்த்து வெட்ட வேண்டும். நுனியில்தான் பூக்கும் என்பதை இன்னும் எத்தனை முறை சொல்வது?

கொல்லங்கோட்டுப் பாட்டி வீட்டுத் தெச்சியிலிருந்து அம்மா ஒடித்து வந்த குச்சி இது. வெட்சியை எங்கள் பக்கத்தில் தெச்சி என்போம். எங்கள் வீடு இருப்பது காரத் தன்மையுள்ள கரிசலில். வெட்சிக்கோ அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாக வெளுத்தது. அம்மா குழியை அகலமாகத் தோண்டி, கரிசலை அள்ளிக் கொட்டிவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினார். பிறகுதான் செடி எழுந்தது. போன வாரம் வரை 8 அடி உயரம்.

பாம்பு அடையும் என்கிறீர்கள். அடிக்கிளைகளை முழங்கால் உயரம் வரை நீக்கித் தினமும் பெருக்குகிறவள் நான். பக்கத்துக் காலி மனையின் புதர் உங்கள் கண்ணில் படவில்லையா? சாலைக்கு நீட்டியது ஒரு கிளை. சொல்லியிருந்தால் அன்றே எடுத்திருப்பேன்.

"நர்சரியில் குட்டை வகை இருக்கிறதே, அதை வையுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் அதிகம் வலித்தது. பகைவரின் ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, கவரும் திணைக்கே தொல்காப்பியம் வெட்சி என்று இந்தப் பூவின் பெயரை வைத்திருக்கிறது. பகவதி கோயிலுக்கு நாம் கொண்டுபோவது இந்தத் தெச்சியைத்தான். மெல்லிய குழல் போன்ற பூவைப் பறித்து, காம்புப் பக்கம் தேன் உறிஞ்சாத பிள்ளை இந்தத் தெருவில் உண்டா? வெட்டியவரும் சின்ன வயதில் எங்கள் வாசலில் நின்று உறிஞ்சியவர்தான். அவருக்குப் பூப் பறித்துக் கொடுத்ததே அம்மா.

ஒரு செடிக்காக அக்கம்பக்கத்தைப் பகைக்கலாமா என்று கேட்பவர்களே, கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பகை எங்கிருந்து வரும்? வீட்டுக்குள் அம்மா இருந்தார். எழுந்து வர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

குப்பைக் குவியலிலிருந்து மொட்டோடு இருந்த கிளைகளைப் பொறுக்கிச் சொம்புத் தண்ணீரில் வைத்திருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை. விளக்குக்குத் தெச்சி பறித்துவிட்டாயா என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார்.