கழுவிக் கழுவியே துருப்பிடிக்க வைக்கிறோம்

பைக்கை அடிக்கடி கழுவினால் துரு பக்கத்திலேயே வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துருவுக்கு வேண்டியவை மூன்றே மூன்று: இரும்பு, காற்று, ஈரம். இரும்பை நாமே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். காற்றை யாராலும் தடுக்க முடியாது. மிச்சமிருக்கிற ஈரத்தையாவது தள்ளிவைக்கலாம் என்று பார்த்தால், சோப்பு கலந்த தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சி, ஓர் இடுக்கு விடாமல் உள்ளே ஏற்றிவிட்டு, அதற்குப் பராமரிப்பு என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம். வெளியே வண்டி பளபளக்கிறது. சீட்டுக்கு அடியிலும் செயின் கவருக்குள்ளும் ஸ்டாண்டின் ஸ்பிரிங் சுருளுக்குள்ளும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. குனிந்து அதைப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

கழுவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு சேறும் சகதியுமாக வண்டி ஓட்டுகிற சோம்பேறிக் கூட்டம் தனி. காய்ந்த சேறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உலோகத்தை உலரவே விடாது. உப்பு அதைவிடக் கொடியது. கடற்காற்றில் வருவதானாலும் சரி, பனியை உருக்கச் சாலையில் தூவுவதானாலும் சரி, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அந்த உப்புநீரில் மின்னோட்டம் எளிதாகப் பாயும் என்பதால் அரிப்பு பல மடங்கு வேகமெடுக்கும். ஆகவே கழுவத்தான் வேண்டும். ஆனால் கழுவுவது பாதி வேலை. உலர்த்துவதும் எண்ணெயிடுவதும் மீதிப் பாதி. அந்த மீதியை அப்படியே விட்டுவிட்டு, "போன வாரம்தானே கழுவினேன், எப்படித் துருப்பிடித்தது?" என்று அப்பாவி முகத்தோடு கேட்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது.

வாட்டர் சர்வீஸ் செய்கிறவர்களின் கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பீய்ச்சும் குழாயின் முனை எங்கே போகிறது? நேராகச் சக்கரத்தின் அச்சுக்கு. அப்புறம் ஹேண்டில் கழுத்துக்கு. அப்புறம் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூட்டுக்கு. அழுக்கு அதிகம் சேர்வது அங்கேதான் என்பது உண்மை. ஆனால் அந்த மூன்று இடங்களிலும் உள்ளே பேரிங் இருக்கிறது, பேரிங்கில் கிரீஸ் இருக்கிறது, அதைக் காப்பது ஒரு மெல்லிய ரப்பர் சீல். மழையையும் சாலையில் தெறிக்கும் நீரையும் தாங்குவதற்காகச் செய்த சீல் அது. ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடிக்கும் அழுத்த நீரை அது எப்படித் தாங்கும்? தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸைப் பால்நிறக் குழம்பாக்கிவிடும். சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. பிறகு நேராகப் போகும்போது ஹேண்டில் நடுவில் எதிலோ சிக்கி நிற்பதுபோல் தட்டும். மெக்கானிக் கழற்றினால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் வழியும். உடனே நாம் என்ன செய்கிறோம்? "இந்தக் காலத்து வண்டிகளில் தரமே இல்லை" என்று தயாரித்தவனைத் திட்டுகிறோம்.

சோப்பு விஷயம் இன்னொரு கூத்து. துணி துவைக்கிற தூளைக் கைக்கு வந்தபடி அள்ளி வாளியில் போட்டுக் கலக்குகிறார்கள். துணித்தூள் காரத்தன்மை உள்ளது. அலுமினியத்துக்குக் காரமும் ஆகாது, அமிலமும் ஆகாது. இரண்டுமே அதன் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைத் தின்றுவிடும். எஞ்சின் உறையும் ரிம்மும் வெளுத்துத் திட்டுத்திட்டாக நிற்பதற்கு வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. பாத்திர சோப்புத் திரவம் மென்மையானதாயிற்றே என்று சிலர் வாதத்துக்கு வருவார்கள். பெயின்ட்டின் மேல் பூசிய மெழுகை அது சுத்தமாக வழித்தெடுத்துவிடும். போதாததற்கு, அப்படிப்பட்ட திரவங்கள் பலவற்றில் கெட்டித்தன்மைக்காக உப்பு சேர்க்கிறார்கள். வண்டியைக் கழுவுவதற்கென்றே காரமும் அமிலமும் இல்லாத ஷாம்பு இருக்கிறது. வாளித் தண்ணீருக்குக் கொஞ்சம் போதும். அதை வாங்க மட்டும் மனம் வராது.

கழுவி முடித்ததும் "பாலிஷ் போடட்டுமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். டேங்குக்கும் டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பளபளப்பு ஏற்றித் தருவார்கள். துருப்பிடிக்கவே தெரியாத பிளாஸ்டிக்குக்கு அத்தனை உபசாரம்! காய்ச்சல்காரனுக்கு முகப்பூச்சு பூசி வீட்டுக்கு அனுப்புகிற வைத்தியம்தான் இது. செயினை உலர்த்தி எண்ணெய் போடட்டுமா என்று ஒருவராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

செயினைப் பற்றிப் பேசினால் எனக்கு நிதானம் போய்விடும், இருந்தாலும் பேசியே ஆக வேண்டும். இப்போதைய பைக்குகள் பலவற்றில் வருவது ஓ-ரிங் செயின். ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, பக்கத்தகடுகளுக்கு நடுவில் சிறு ரப்பர் வளையங்களால் அதை அடைத்துவிடுகிறார்கள். செயினின் ஆயுளே அந்த வளையங்களில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கம்பி பிரஷ்ஷை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்க்கிறார்கள், அதன்மேல் பெட்ரோலை ஊற்றுகிறார்கள். பிரஷ் வளையத்தைக் கிழிக்கிறது, பெட்ரோல் அதை ஊதிப் பதமிழக்கச் செய்கிறது, உள்ளிருந்த கிரீஸ் போயே போய்விடுகிறது. வெளித்தகடு வெள்ளிபோல் ஆகிவிட்டதைப் பார்த்து அவர்களுக்கு மகிழ்ச்சி. இரவு ஒன்று கழிந்தால் போதும், காலையில் செயின் முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு பூத்திருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெய்ப் படலம் அடியோடு போன எஃகு வேறு என்ன செய்யும்?

மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். துடைத்து உலரவிட்டு, செயினின் உள்பக்கமாக லூப், அதாவது செயினுக்கான மசகெண்ணெய், போட வேண்டும். ஓடும்போது அது தானே வெளிப்பக்கம் பரவும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது போட்டால் இன்னும் நன்றாக உள்ளே இறங்கும். மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாளாக மாறிவிடும். இதற்குப் பதிலாக, எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுகிற மகானுபாவர்களும் உண்டு. எஞ்சின் தேய்ந்து உதிர்த்த உலோகத் துகளும் கரியும் கலந்த கழிவு அது. வேண்டாம் என்று எஞ்சினே கழித்ததைச் செயினுக்குப் படைக்கிறார்கள்.

இன்னொரு கோஷ்டி எதற்கெடுத்தாலும் டபிள்யூடி-40 அடிக்கிறது. அதன்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. 1953-ல் உருவானது, அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்கப் பயன்பட்டது. ஈரத்தை விரட்டுவதில் கெட்டிக்காரச் சரக்கு. கழுவியபின் போல்ட் தலைகளிலும் ஸ்டாண்டு மூட்டிலும் அடித்தால் நல்ல பலன் உண்டு. ஆனால் அந்த நீலமும் மஞ்சளுமான டப்பாவில் இருப்பது ஓடுகிற செயினுக்கான மசகு அல்ல. அந்தப் படலம் அவ்வளவு மெல்லியது, சீக்கிரம் போய்விடும். பிரேக் டிஸ்க்கில் அடிக்கிறவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. டிஸ்க்கில் ஒரே இரவில் தெரிகிற செந்நிறம் நாலு தடவை பிரேக் பிடித்தால் தானே போய்விடும் ஐயா, அதற்குப் போய் பிரேக்கை வழுக்கவிட்டு உயிரைப் பணயம் வைக்கிறீர்களே!

பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து, விளிம்பைச் சுற்றியுள்ள பள்ளத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு சின்னத் துளை இருக்கும். மூடியைச் சுற்றித் தேங்கும் நீர் அந்தத் துளை வழியாக இறங்கி, மெல்லிய குழாயில் ஓடி, வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். தூசியும் மெழுகும் அதில் போய் அடைத்துக்கொள்ளும். பாலிஷ் போடுகிறவர்கள் தாராளமாக உள்ளே திணித்துவிட்டுப் போவதும் உண்டு. துளை அடைத்துவிட்டால் பள்ளம் குளமாகும். மூடியின் ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருந்தால் தண்ணீர் டேங்குக்குள் இறங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, டேங்கை உள்ளிருந்து அரிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் அது ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே மெழுகு பூசி முகம் பார்க்கிற அதே டேங்குக்குத்தான் அடியில் ஓட்டை விழுகிறது.

சைலன்சர் கதையும் இதேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். "பேட்டரிக்காக" என்று வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைக்கிறார்களே, அவர்கள் வண்டியில் ஆவி குளிர்ந்து நீராகி, எரிபுகையின் அமிலத்தோடு சேர்ந்து உள்ளேயே தங்கிவிடும். பேட்டரியும் ஏறாது, சைலன்சரும் தங்காது. ஒன்று, ஒழுங்காக ஒரு நீண்ட சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் தொடாமலே விடுங்கள். சில சைலன்சர்களின் அடியில் நீர் வடியச் சிறு துளை இருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து அடைக்கிறவர்களுக்குக் கும்பிடு.

குரோம் பாகங்களை இரும்பு நாரால் தேய்க்கிற வழக்கம் எப்படித்தான் வந்ததோ! அழகுக்காகப் பூசும் குரோம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் அடியிலுள்ள நிக்கல்தான் உண்மையான கவசம். குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் உண்டு. அடியிலுள்ள நிக்கலும் எங்காவது விட்டுப்போனால் ஈரம் எஃகைத் தொட்டுவிடும். அதைச் சொரசொரப்பாகத் தேய்த்து, உதிர்ந்த இரும்புத் துணுக்குகளையும் அங்கேயே பதித்துவிட்டால், துணுக்குகள் முதலில் துருப்பிடிக்கும், பூச்சு பிறகு. துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பதும் வீண்வேலை. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அடியில் பெருத்துப் பெருத்துப் பெயின்ட்டைத் தூக்கிவிடும். சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, பிறகு பெயின்ட். வேறு குறுக்குவழி இல்லை.

இத்தனைக்கும் பிறகு, ஈரம் காயாத வண்டியின்மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்து மூடிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, உறையில் மோதி, சொட்டுச் சொட்டாக மறுபடி வண்டியின்மேலேயே விழும். காற்று புகாத உறையைவிட உறையில்லாத நிழல் எவ்வளவோ மேல். கழுவியதும் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டினால் எஞ்சின் சூட்டிலும் காற்றிலும் பாதி ஈரம் போய்விடும், பிரேக்கும் உலரும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

வண்டி செய்கிறவர்களை நான் விட்டுவிடப் போவதில்லை. அலுமினிய உறையில் எஃகு போல்ட்டை வெறுமனே முறுக்கி அனுப்புகிறார்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் சந்தித்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும், அந்தப் பொடி போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும், கழற்றப் போனால் தலை மட்டும் கையோடு வரும். திருகுபுரியில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் பசை தடவியிருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. பின்மட்கார்டைக் குட்டையாக்கி அழகு பார்க்கிறார்கள். சேறு முழுவதும் சஸ்பென்ஷன் மேல் அடிக்கிறது. துருவுக்கு உத்தரவாதம் இல்லை என்று பொடி எழுத்தில் அச்சடிக்க மட்டும் மறப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பல வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டை எடுத்துவிட்டார்கள். எடை குறைகிறதாம், தோற்றம் நன்றாக இருக்கிறதாம். செயினுக்கு எண்ணெயிடப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்ப வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டியை ஒரு கையால் கொஞ்சம் தள்ளி, ஒரு கையால் எண்ணெய் தெளித்து, மறுபடி தள்ளி, மறுபடி தெளித்து... இந்த அவதி தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நொடியில் விரலைப் பற்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். கையேட்டில் மட்டும், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்து எண்ணெயிடவும் என்று அக்கறையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதை எழுதியவரும் அந்த ஸ்டாண்டை எடுத்தவரும் ஒருநாள் சேர்ந்து வந்து, தரையில் மண்டியிட்டு, இந்த வண்டியின் செயினுக்கு முழுச் சுற்று எண்ணெய் போட்டுக் காட்டட்டும். துணியும் டப்பாவும் நான் தருகிறேன்.