எண்ணெய் பிரிந்தால் குழம்பு ரெடி, பை குப்பைக்கு

ஐசியுவில் படுத்திருப்பவர்களின் வீட்டார் பார்மசிஸ்டான என்னிடம் அடிக்கடி கேட்பது: "என்ன சார், நரம்புல பால் ஏத்துறீங்களா?" பார்த்தால் பால் மாதிரிதான். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் கொழுப்பு உணவு அது. உள்ளே இருப்பது சோயா எண்ணெய், முட்டை மஞ்சள் கருவின் பாஸ்போலிப்பிட் (எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள்), கிளிசரால், தண்ணீர். 1960களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஆர்விட் விரெட்லிண்ட் கொண்டுவந்த இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புத் திரவத்தின் சேர்மானம் இதுதான்.

எண்ணெய்த் துளிகள் சராசரி அரை மைக்ரானுக்கும் கீழே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொன்றையும் பாஸ்போலிப்பிட் போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையின் எதிர்மின்னூட்டம்தான் துளிகளை ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது. கால்சியம், மெக்னீசியம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அந்தத் தள்ளல் போய்விடும். துளிகள் ஒன்றுகூடிப் பெரிதாகும். 5 மைக்ரானைத் தாண்டியவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கலாம்.

போன மாதம் நைட் டூட்டியில் ஒரு சிஸ்டர் போன் செய்தார். "சார், பை மேல மஞ்சளா மிதக்குது." ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று அறைப் பை: கொழுப்பு, சர்க்கரை, புரதச் சத்து தனித்தனி அறையில் இருக்கும், ஏற்றும் முன் கலப்போம். கலந்து தொங்கவிட்ட பிறகு யாரோ கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அதிலேயே ஏற்றியிருக்கிறார்கள். வீட்டில் எண்ணெய் பிரிந்து வந்தால் குழம்பு ரெடி. இங்கே பிரிந்தால் பை குப்பைக்கு. மேலே வெறும் வெள்ளை ஆடை கட்டியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் கலந்துவிடும். மஞ்சள் தெரிந்தால் குலுக்கிப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

இந்தப் பிரிதலாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பெரிய பயம் தெரியாததில். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து மணல் மாதிரி படிந்தால் அந்த வெள்ளையில் யாருக்குத் தெரியும்? 1994இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது இதற்காகத்தான். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் கால்சியம் பாஸ்பேட். கொழுப்பு கலந்த பைக்கு 1.2 மைக்ரான் ஃபில்டர் போடச் சொன்னதும் அப்போதுதான்.

அந்த ஃபில்டரைக் கேட்டால் "அது எதுக்கு சார், கூடுதல் செலவு" என்பார்கள். பை விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவா? என்னைக் கேட்டால், ஃபில்டர் இல்லாமல் இந்தப் பையை வார்டுக்கே அனுப்பக் கூடாது. வார்டில் ஊசி எடுத்துப் பையில் எதையும் ஏற்றவும் கூடாது. சேர்க்க வேண்டியிருந்தால் பார்மசிக்கு எழுதுங்கள், கணக்குப் பார்த்துச் சேர்த்துத் தருகிறோம். தாமதமாகிறது என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று அதே சிஸ்டர் மறுபடி போன் செய்தார். "மெக்னீசியம் எழுதியிருக்காங்க சார், தனி லைன்ல போட்டுட்டேன். சும்மா சொல்லலாம்னு."