எலி உறைஞ்சு நின்னா அது பயமா?

"கெட்ட நினைவை அழிக்க மருந்து ரெடி"ன்னு அடிக்கடி ஒரு செய்தி சுத்தும், உள்ள போய்ப் படிச்சா பாவம் ஒரு எலிதான் இருக்கும். எலி ஆராய்ச்சியே வேஸ்ட்னு சொல்ல வரல. அதுல உருப்படியா இருக்கறதை விட்டுட்டு தலைப்புச் செய்திக்கு ஆகறதை மட்டும் பிடிச்சுக்கறாங்களேன்னுதான் கடுப்பு.

சோதனை இதுதான். எலியை ஒரு பெட்டிக்குள்ள விட்டு ஒரு பீப் சத்தம், அது முடியறப்ப பாதத்துல சின்னதா ஷாக். மறுநாள் ஷாக் இல்லாம வெறும் சத்தம் கேட்டாலே எலி அப்படியே உறைஞ்சிடும், மூச்சு வாங்கறதைத் தவிர ஒரு அசைவும் இருக்காது. எவ்வளவு நேரம் உறையுதோ அதுதான் பயத்தோட அளவு. 2000ல கரீம் நாடர், ஜோசப் லெடூங்கற மூளை ஆராய்ச்சியாளர்களோட டீம் இந்த எலிக்கு மறுபடி சத்தத்தைப் போட்டு நினைவைக் கிளறிட்டு, உடனே மூளையில அமிக்டலாங்கற இடத்துல அனைசோமைசின்னு புரதம் உருவாகறதைத் தடுக்கற மருந்தைச் செலுத்துனாங்க, அடுத்த நாள் உறையறது ரொம்பவே குறைஞ்சு போச்சு. நினைவைக் கிளறாம மருந்து மட்டும் போட்ட எலிங்க வழக்கம்போல உறைஞ்சுதுங்க. செம கண்டுபிடிப்புதான், ஆனா அந்த மருந்தை மனுஷன் மூளையில ஏத்த முடியாதே. பதிலுக்கு ப்ரோப்ரனலால்னு பிபி மாத்திரையை வச்சு முயற்சி பண்ணாங்க, சில ஆய்வுல பலன் தெரிஞ்சது, சிலதுல ஒண்ணும் தெரியல.

எனக்குப் பெருசாத் தெரியறது வேற. ஷாக் இல்லாம சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டா எலி உறையறது குறைஞ்சிடும், பயப்படற விஷயத்தையே பாதுகாப்பா திரும்பத் திரும்ப எதிர்கொள்ள வைக்கற எக்ஸ்போஷர் தெரபிக்கு அடிப்படையே இதுதான். ஆனா அதே எலியை வேற பெட்டிக்கு மாத்துங்க, இல்ல சில வாரம் கழிச்சுப் பாருங்க, பயம் திரும்பி வந்து நிக்கும். பழைய நினைவு அழியல, "இங்க ஆபத்து இல்ல"ன்னு புதுசா ஒண்ணு அது மேல உக்காருது, அதுவும் அந்த இடத்தோட ஒட்டிக்கிட்டு. அப்ப கிளினிக்ல நல்லா இருந்த ஒருத்தர் ரோட்டுல இறங்குனதும் மறுபடி நடுங்குனா அவருக்கு மனதைரியம் இல்லன்னு திட்டறதுல என்ன நியாயம்? தெரபியை நாலு விதமான இடத்துல வச்சுப் பண்ணணும், கிளினிக் ரூமோட நிறுத்தக்கூடாது, இதுக்குப் புது மருந்து எதுவும் தேவையில்ல. இது ஏன் தலைப்புச் செய்தி ஆகலன்னு தெரியல (தெரியும், விக்காது).

இன்னொண்ணு, எலி நடந்துக்கறதும் மனுஷன் உள்ளுக்குள்ள உணர்றதும் ஒண்ணு இல்லன்னு லெடூவே பின்னாடி நிறைய எழுதிட்டாரு. அளக்கறதுலயும் கோளாறு. பொண்ணு எலிங்கள்ல சிலது சத்தம் கேட்டா உறையாம சரக்குனு பாஞ்சு ஓடுதுன்னு 2015ல ஒரு ஆய்வு காட்டுச்சு. உறையறதை மட்டும் எண்ணுனா ஓடுன எலி பயப்படவே இல்லன்னுதான கணக்குல ஏறும்? பி.டி.எஸ்.டி., அதாவது கொடூரமான அனுபவத்துக்கு அப்புறம் விடாம வாட்டற மனநலப் பாதிப்பு, பெண்களுக்கு ஆண்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வருது, அது தெரிஞ்சும் பெரும்பாலும் ஆண் எலிங்களை வச்சே காலத்தை ஓட்டிட்டு, மருந்து மனுஷங்ககிட்ட எடுபடலையேன்னு இப்ப முழிச்சா என்னத்த சொல்ல.