மரங்களுக்கும் இடம் கொடுத்திருக்கலாம்

மறைந்த நகைச்சுவை நடிகர் விவேக் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் காமெடிக்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. அவர் மரம் நட்டதற்கு ஒரே ஒரு வரிதான். அதுதான் எனக்கு வருத்தம்.

1987-ல் பாலசந்தர் அறிமுகப்படுத்திய காலம் தொட்டு 2009-ல் பத்மஸ்ரீ வாங்கியது வரை எல்லோருக்கும் தெரியும். லாரியில் எலுமிச்சம்பழம் கட்டுவதைக் கேள்வி கேட்கும் அந்தக் காட்சியை எங்கள் ஊர் டீக்கடையில் இன்றைக்கும் பேசிச் சிரிக்கிறார்கள். சின்னக் கலைவாணர் என்ற பட்டம் சும்மா வரவில்லை.

அப்துல் கலாம் ஐயா கேட்டுக்கொண்டார் என்பதற்காக ஒரு கோடி மரக்கன்று என்று இலக்கு வைத்து, 'கிரீன் கலாம்' என்று பெயரிட்டு, பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாகப் போனார். 33 லட்சத்துக்கும் மேல் நட்டுவிட்டார். பிள்ளைகள் கையாலேயே நட வைத்ததுதான் பெரிய விஷயம். தான் நட்ட கன்று வாடினால் எந்தப் பிள்ளைக்கும் மனசு கேட்காது, தண்ணீர் ஊற்றும். எங்கள் பக்கத்தில் அப்படி வைத்த புங்கங்கன்று ஒன்று இப்போது சைக்கிள் நிறுத்த நிழல் கொடுக்கிறது.

2021 ஏப்ரல் 17-ல் அவர் போனபோது பலர் ஆளுக்கொரு கன்று நட்டு அஞ்சலி செலுத்தினார்கள். விருகம்பாக்கத்தில் சாலைக்கு அவர் பெயர் வைத்தது சந்தோஷம். மீதி மரங்களை ரசிகர் மன்றங்கள் கையில் எடுக்க வேண்டும். கட்அவுட்டுக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சம் போதும்.