டொட்டி லீக் பட்டம் வென்றவர்தான்

இத்தாலிய உதைபந்தாட்ட வீரர் பிரான்செஸ்கோ டொட்டி, தன் கழகமான ரோமாவை விட்டுப் போகாததால் கடைசிவரை இத்தாலிய லீக் பட்டம் ஒன்றுகூட வெல்லவில்லை என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். தம்பி குறை நினைக்க வேண்டாம், அது சரியல்ல.

2000-01 பருவத்தில் ரோமாதான் இத்தாலியச் சம்பியன், அணித்தலைவர் டொட்டி. 2001 ஜூன் 17, கடைசி நாள் ஆட்டம், பார்மாவை 3-1 என்று வென்றார்கள். முதல் கோல் டொட்டியுடையது, அடுத்தவை மொண்டெல்லாவும் பட்டிஸ்டூட்டாவும் அடித்தவை.

யாரும் சரிபார்க்கலாம். 2000-01 சீரி ஆ (இத்தாலிய முதல்தர லீக்) புள்ளிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: ரோமா 75, யுவென்டஸ் 73. ரோமா கழகத்தின் பட்டங்கள் பட்டியலிலும் 1941-42, 1982-83, 2000-01 என்று மூன்று லீக் பட்டங்கள் இருக்கும். அந்த ஆட்டத்தின் காணொளியும் தேடினால் கிடைக்கும், பத்தாம் இலக்கச் சட்டை யாருடையது என்று பாருங்கள்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று விளங்குகிறது. 2006-07, 2007-08, 2009-10 என்று ரோமா திரும்பத் திரும்ப இரண்டாம் இடத்தில் நின்றது. இப்போதைய பெடியள் பார்த்தது அந்த ரோமாவைத்தான். அவர் வெல்லாதது ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக், அது உண்மை.

யாழ்ப்பாணத்தில் குருநகரிலும் நாவாந்துறையிலும் ஒரே கழகத்துக்காகக் காலமெல்லாம் உதைபந்து ஆடியவர்களைக் கொண்டாடும் ஊர் நாங்கள். டொட்டியை நினைக்கும்போது அந்த ஒரு பட்டத்தை மறைத்துவிடக்கூடாது என்றுதான் எழுதினேன். முடிந்தால் பதிவைத் திருத்திவிடுங்கள் தம்பி.