தவணை சொன்னவர் யாரும் ஜாமீன் போடவில்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாகப் போனில் விசாரித்தவர்களிடம் எல்லாம் "ஒன்றுமில்லை, விடுங்க" என்றுதான் சொன்னேன். என்னால்தான் விட முடியவில்லை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச வந்தவர் நிறையப் படித்தவர். பேர் போடப் போவதில்லை. நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்: "தலைவர்கள் கையைக் கட்டிப் போடாமல் விட்டால் எந்தப் போரையும் பத்து நாளில் முடித்துவிடலாம். பின்னால் நின்று அழுகிறவர்களால்தான் இழுத்துக்கொண்டே போகிறது." கை தட்டினார்கள். நான் எழுந்து, "ஐயா, பத்து நாள் என்று சொன்னவர் பதினோராம் நாள் என்ன செய்வார்?" என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, இது வீட்டுக் கணக்கு இல்லை. உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. மைக்கை என் கையிலிருந்து வாங்கிப் பின்வரிசைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முப்பத்தோரு வருஷம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதியவள் நான். எனக்குத் தெரிந்ததே கணக்குதான். அந்தக் கணக்கிலேயே பேசுகிறேன்.

கடன் மனுவோடு வருகிறவர் எல்லோரும் தவணை சொல்வார்கள். "மேடம், அறுப்பு முடிஞ்சதும் கட்டிடறேன்." பொய் சொல்கிறார் என்று நினைக்க மாட்டோம். ஆனாலும் ஜாமீன் இல்லாமல் ஒரு ரூபாய் தர மாட்டோம். தவணை தவறினால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் நோட்டீஸ் போகும். அந்தப் பயம் இருப்பதால்தான் கடன் வாங்கியவர் ராத்திரியில் கணக்குப் போட்டுப் பார்ப்பார். போருக்குத் தவணை சொல்கிற தலைவர் எவரும் ஜாமீன் போடுவதில்லை. தவணை தவறினால் அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போவதில்லை. கையெழுத்தே போடாத யார் வீட்டுக்கோ போகிறது. போர் ஏன் சொன்ன நாளில் முடியவில்லை என்று கேட்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். தவணை சொன்னவர் வேறு, கட்டுகிறவர் வேறு.

2003 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு தன் படைவீரர்கள் முன்னால் நின்று, ஈராக் போர் ஆறு நாள் ஆகலாம், ஆறு வாரம் ஆகலாம், ஆறு மாதம் ஆகும் என்று தோன்றவில்லை என்று சொன்னார். பாக்தாத் மூன்று வாரத்தில் விழுந்தது, அது உண்மை. மே 1-ஆம் தேதி அதிபர் புஷ் கப்பல் மேல்தளத்தில் நின்று பெரிய சண்டை முடிந்தது என்று அறிவித்தார். கடைசிப் படை வெளியேறியது 2011 டிசம்பரில். தலைநகரைப் பிடிப்பதும் போரை முடிப்பதும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். அரண்மனையைப் பிடித்துவிடலாம். அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரன் ஒவ்வொருவனும் விடிந்து எழுந்து, இனி நான் என்ன செய்வது என்று தனக்குத்தானே ஒரு முடிவு எடுப்பான். அதற்கு வாஷிங்டனில் இருந்து யாரும் தவணை சொல்ல முடியாது.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்பீர்கள். சரி, நம் பக்கத்துக்கே வருகிறேன். 1979 ஜூலையில் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா, பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். டிசம்பர் 31-க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்பது எழுத்தில் கொடுத்த உத்தரவு. ஆறு மாதத்துக்கும் குறைவான கெடு. அதே மாதம் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பேரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. 1982-இல் அதை நிரந்தரம் ஆக்கினார்கள். போர் முடிந்தது 2009 மே மாதம். அந்த ஆறு மாதக் கெடுவுக்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று வீடு வீடாகப் புகுந்து பிள்ளைகளைப் பிடித்துப் போனார்களே, அப்படி அடித்த அடியில்தான் இயக்கங்களுக்கு ஆள் சேர்ந்தது. கெடுதான் போரை வளர்த்தது. இதை இரண்டு முறை படியுங்கள்.

நம் நாடும் தப்பவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 48 மணி நேரத்தில் சண்டை நிற்கும், அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுதங்கள் எல்லாம் ஒப்படைக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அக்டோபரில் நம் படையே சண்டையில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பி வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிரோடு இல்லை. அங்கே செத்த தமிழ்ச் சனங்களின் கணக்கை யாரும் இன்றுவரை ஒழுங்காக எழுதவில்லை. 72 மணி நேரம்.

புதுச்சேரியில் காலாப்பட்டு தாண்டி கீழ்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில் எனக்கு ஒரு அக்கா உண்டு. கூடப் பிறந்தவர் இல்லை, அதற்கும் மேல். 1990-இல் படகில் வந்தவர். ஆறே மாதம், அடங்கியதும் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அவரை ஏற்றிவிட்டார்களாம். முதலில் பார்க்கப் போனபோது வீட்டு ஓரத்தில் முருங்கைக் கொம்பு ஒன்று நட்டிருந்தார். "ஒரு தென்னம்பிள்ளை வைக்கலாமே அக்கா" என்றேன். "தென்னை காய்க்க ஆறேழு வருஷமெல்லோ செல்லும். நான் ஏன் அவ்வளவு காலம் இங்க இருக்கப் போறன்?" என்றார். முருங்கை என்றால் ஒரு வருஷத்தில் காய்க்கும், அவர் கணக்கு அது. புயலில் முறிந்தால் மறுபடி ஒரு கொம்பு நடுவார். அப்படி எத்தனை கொம்பு நட்டிருப்பார் என்று எனக்கே நினைவில்லை. தென்னை மட்டும் வைக்கவே இல்லை. அகதிகள் முகாம் என்பது 2021-இல் மறுவாழ்வு முகாம் ஆனது, பேர்ப் பலகை மாறியது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அன்றைக்கு அவர் வைத்திருந்தால் இத்தனை வருஷம் எத்தனை காய் வெட்டியிருக்கலாம். பின்னால் நின்று அழுகிறவர்கள் என்றாரே அந்தப் பேச்சாளர், யாரைச் சொல்கிறார்? இந்த அக்காவையா?

"1971-இல் 13 நாளில் முடித்தோமே" என்று கூட்டம் கலைந்ததும் ஒரு தம்பி வந்து கேட்டார். நியாயமான கேள்வி. டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. ஆனால் தம்பி, ஏப்ரலிலேயே போகச் சொன்னபோது இப்போது முடியாது, அவகாசம் வேண்டும் என்று பிரதமரிடமே சொன்னவர் ராணுவத் தளபதி மானெக்‌ஷா. தவணையைத் தானே கணக்குப் போட்டுக் கேட்டு வாங்கியவர் அவர். அப்புறம், 13 நாள் என்பது நமக்கு. மார்ச் 25 இரவிலிருந்து செத்துக்கொண்டிருந்த வங்காளிகளுக்கு அது ஒன்பது மாதம். ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். அவர்களிடம் போய்ப் பதின்மூன்று நாள் என்று சொல்லிப் பாருங்கள்.

"எதிரி அடிக்கும்போது திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா" என்று இன்னொருவர் கேட்டார். முடியாது. உக்ரைன்காரன் தன் வீட்டு வாசலில் நின்று அடிக்கிறான், அவனை நான் குறை சொல்லவில்லை. 2022 பிப்ரவரி 24-இல் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்று பேர் வைத்து உள்ளே போனவரைத்தான் கேட்கிறேன். மூன்று ஆண்டுகள் முடிந்தபோதும் ஓய்ந்திருக்கவில்லை. 24 மணி நேரத்தில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று தேர்தலில் சொன்ன டிரம்பையும் கேட்கிறேன். அவர் பதவி ஏற்றது 2025 ஜனவரி 20. 21-ஆம் தேதியும் குண்டு விழுந்தது.

ஏன் நிறுத்த முடிவதில்லை? எங்கள் சங்கத்தில் ஒரு வேலை நடக்கும், 'புக் அட்ஜஸ்ட்மென்ட்' என்போம். பழைய கடனைக் கட்ட முடியாதவருக்குப் புதுக் கடன் போட்டு, அதிலேயே பழையதை வரவு வைத்துவிடுவது. பேரேட்டில் கடன் தீர்ந்த மாதிரி இருக்கும், உண்மையில் ஏறியிருக்கும். போரும் அப்படித்தான். முதல் வருஷம் செத்தவர்களை இரண்டாம் வருஷத்துக் காரணமாக எழுதுகிறார்கள். 'இத்தனை பேர் உயிரைக் கொடுத்தபின் வெறுங்கையோடு திரும்புவதா?' 1914 ஆகஸ்டில் இலை உதிர்வதற்குள் வீடு திரும்புவீர்கள் என்று ஜெர்மன் பேரரசர் தன் வீரர்களிடம் சொன்னதாகச் சொல்வார்கள். நான்கு இலையுதிர் காலம் போனது. நிறுத்தினால் முதல் நாள் தவணை சொன்னவர் பதில் சொல்ல வேண்டிவரும். நிறுத்தாவிட்டால் அடுத்த வருஷம் வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள். அந்த முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த நம் புதுச்சேரிக்காரர்களுக்குத்தான் கடற்கரைச் சாலையில் அந்த நினைவுச் சின்னம். தினமும் அதன் எதிரே சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறோம்.

"அந்தக் காலத்தில் செய்தி போய்ச் சேரவில்லை, இப்போது அப்படி இல்லை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கடலூருக்குப் போங்கள். 1783 ஜூன் 13, கடலூர் பழைய நகரத்துக்குத் தெற்கே இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள். ஜூன் 20-இல் கடலில் மோதினார்கள். இரண்டு நாடுகளும் ஐரோப்பாவில் பூர்வாங்கச் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது அந்த வருஷம் ஜனவரி 20. ஐந்து மாதம் கழித்துக் கப்பல் செய்தி கொண்டுவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். முடிந்துபோன போருக்கு நம் மண்ணில் செத்திருக்கிறார்கள். இன்று செய்தி ஒரு நொடியில் வருகிறது. பிணத்தின் படமும் அதே நொடியில் வருகிறது. எந்தப் போர் அதனால் ஒரு நாள் முன்னால் நின்றது? செய்தி தெரியாதது அந்தக் கடலூர்ச் சண்டைக்குக் காரணம், இன்றைய சண்டைகளுக்கு அந்தச் சாக்கு இல்லை.

வீட்டுக் கணக்கு என்றாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் பெற்ற தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாய். 1949-இல் வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். அம்மாவுக்கு அப்போது ஒரு வயது. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் வரும். ஆயாவுக்கு எழுத்து தெரியாது, மேல்வீட்டு வாத்தியார் படித்துச் சொல்வார். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: 'வரும் மாசிமகத்துக்குள் வந்துவிடுவேன்.' மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். ஆயா மட்டும் சாமிக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஒப்பந்தம் முடியும், மறு ஒப்பந்தம் போடுவார்கள். இடையில் ஒரு முறை விடுப்பில் வந்து போனாராம், அம்மாவுக்கு அது நினைவில் இல்லை. 1954 மே 7-இல் அங்கே பிரெஞ்சுப் படை முகாமான தியன் பியன் பு விழுந்தது, ஜூலையில் ஜெனிவாவில் சமாதான ஒப்பந்தம். தாத்தா வந்து சேர்ந்தது 1955-இல். அதற்கு முன்பே, 54 நவம்பர் 1-இல், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியிருந்தது. எந்தக் கொடிக்காகப் போனாரோ அந்தக் கொடி அவர் வந்து இறங்கியபோது ஊரில் இல்லை.

ஏழு வயதுப் பிள்ளை வாசலில் நின்றவரைப் பார்த்து, "ஆத்தா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடியது. கடைசிவரை அவரை 'அப்பா' என்று கூப்பிட அம்மாவுக்கு வாய் வரவில்லை. 'இங்கே பாருங்க' என்றுதான் கூப்பிடுவாள். தாத்தாவுக்கு இடது காது கேட்காது. தீபாவளி ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்குவார், படுக்க மாட்டார். ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னார்: "மழை முடியறப்பல்லாம் எங்க படை அதிகாரி கொமாந்தான் வந்து இதுதான் கடைசி வருஷம்னு சொல்லுவாரு. நானும் அதையேதான் உங்க ஆயாவுக்கு எழுதினேன். நான் பொய் எழுதலம்மா." பென்ஷன் ஒழுங்காக வந்தது, அதை மறைக்கவில்லை. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன். 'பிரெஞ்சுப் பென்ஷனைச் சாப்பிட்டுவிட்டுப் போர் வேண்டாம் என்கிறாளா' என்று யாராவது கேட்பீர்கள் என்று தெரிந்துதான் நானே எழுதிவிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன். என்ன கொடுத்து அது வந்தது என்று தெரிந்ததால்தான் பேசுகிறேன்.

கூட்டத்தில் சிரித்தவர்களில் மூன்று பேர் எங்கள் தெருக்காரர்கள். அவர்கள் வீட்டிலும் சுவரில் பதக்கம் மாட்டியிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேடையில் இருந்தவர் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அமைப்பாளர்கள் நேற்று இரவு பேசினார்கள், அடுத்த மாதக் கூட்டத்தில் பத்து நிமிஷம் தருவதாகச் சொன்னார்கள். தாத்தாவின் நீலப் பெட்டியில் பதினொரு கடிதம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து தெரிகிறது. எல்லாவற்றையும் படிக்க மாட்டேன். தேதியையும் கடைசி வரியையும் மட்டும் படிக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். முட்டி வலி, கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று மட்டும் முன்னால் போட்டு வையுங்கள்.